செங்கோட்டைக் கிட்டாரும் சிவப்புக் கிட்டாரும்

எங்கள் வீட்டு பிரிட்ஜ் இன்ஸ்பெக்டர் ரேங்க். கட்டில் சப் இன்ஸ்பெக்டர். கிரைண்டர் கொஞ்ச காலம் டி.எஸ்.பி. வீட்டில் மாவாட்டியது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். இவற்றுக்கு நடுவே குடியிருந்த என் அப்பா மட்டும் வெறும் ஏட்டு. பிரிட்ஜைத் திறக்கும்போது அப்பாவின் கை தானாக சல்யூட் அடிக்கப் போகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அதற்குக் கிடைத்த பரிசு இன்னும் என் இடது காதில் லேசாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தென்காசி போலீஸ் குடியிருப்பில் அதுதான் வழக்கம். ஓர் அதிகாரிக்கு மாறுதல் வந்தால், அவர் லாரிக்குச் சொல்லும் முன்பே நாலு வீட்டுப் பெண்கள் காபி சாப்பிடுகிற சாக்கில் போய், எந்தச் சாமான் லாரியில் ஏறாது என்று விசாரித்துவிட்டு வந்துவிடுவார்கள். நல்ல பொருள், தெரிந்த இடம், குறைந்த விலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த பிரிட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் பதிமூன்று வயதில் இதெல்லாம் மண்டையில் ஏறுமா? என் சைக்கிள் ஸ்டேஷன் ரைட்டரின் மகன் ஓட்டியது. பார் கம்பியில் அவன் பெயர் இருந்தது. ஜாமெட்ரி பாக்ஸும் அவனுடையதுதான். அதன் மூடிக்குள்ளே காம்பஸ் முனையால் ஒரு பெண்ணின் பெயரைக் கீறி, சுற்றி இதயம் வேறு வரைந்து வைத்திருந்தான். கணக்கு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு அடி போட்டார். காதலித்தது அவன், அடி எனக்கு. அன்றைக்கே முடிவு செய்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளையாவது பாலிதீன் உறையை நானே கிழித்து வெளியே எடுக்க வேண்டும்.

அது எந்தப் பொருள் என்பது திருநெல்வேலி ஜங்ஷனில் முடிவாயிற்று. அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அம்மாவுக்கு எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை. பஸ் இப்போது வந்துவிடும் என்று சொல்லி, அரை மணி நேரம் அவளை ஓர் இசைக்கருவிக் கடை வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அது தொங்கியது. எலக்ட்ரிக் கிட்டார். ஷோரூமிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பைக்கின் டாங்க் போல ஒரு சிவப்பு. உடம்பைச் சுற்றிப் பாலிதீன் பளபளத்தது.

எனக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி எனக்கே அப்போது தோன்றவில்லை. மாமா மகனின் போனில் பார்த்த வரைக்கும், சாதாக் கிட்டார்காரர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். கரண்டுக் கிட்டார்காரர்கள் நின்றுகொண்டு, காலை அகட்டி, தலையை உலுக்கிக்கொண்டு வாசித்தார்கள். எனக்கு நிற்கத்தான் ஆசை. சப் இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து வந்த பீரோக் கண்ணாடி முன்னால் ஷட்டில் மட்டையை வைத்துக்கொண்டு நின்று பழகினேன். நிற்பது நன்றாகவே வந்தது.

முழுப் பரீட்சையில் கணக்கில் பாஸானால் வாங்கித் தருகிறேன் என்று அப்பா ஒரு நல்ல மனநிலையில் வாக்குக் கொடுத்திருந்தார். நான் பாஸாக மாட்டேன் என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு அது. பாஸாகிவிட்டேன். எப்படி என்று இன்றுவரை எனக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது.

அப்பாவைப் பிடிக்கத்தான் முடியவில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. சாரல் பெய்கிற மூன்று மாதமும் அப்பாவுக்கு மெயின் அருவியில் பணி. விசிலும் கையுமாக நின்று, குளிக்கிறவர்களைக் கிளப்பி, வரிசையில் நிற்கிறவர்களை உள்ளே விட வேண்டும். வீட்டுக்கு ஈரத் தொப்பியோடு வருவார், சாப்பிடுவார், தூங்குவார். ஆகவே ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறி அருவிக்குப் போய்விட்டேன். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் கத்த வேண்டும். கத்தினால் எல்லாருக்கும் கேட்கும். அதை நான் யோசிக்கவில்லை.

"எப்பா! கிட்டாரு எப்ப வாங்கப் போறோம்?"

"பழசு ஒண்ணு பாப்போம்லே!"

"பழசு வேண்டாம்ப்பா! புதுசு!"

வரிசையில் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து நின்ற ஆலங்குளத்து அண்ணாச்சி ஒருவர் உடனே என் கட்சிக்கு வந்தார். "புள்ள ஆசப்படுதாம்லா, புதுசே வாங்கிக் குடுங்க ஏட்டையா!"

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. "எதுக்கு? ஒரு மாசம் நோண்டிட்டுப் போட்டுருவான். எம் மவனுக்கு வாங்குன கீபோர்டு பரண்ல கெடக்கு. ஏலே தம்பி, கீபோர்டு வேணுமா?"

அருவிக்கரையில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. புதுசுக் கட்சி, பழசுக் கட்சி. இரண்டும் துண்டோடு நின்று வாதாடின. இந்தக் கலவரத்தைப் பயன்படுத்தி ஏற்கெனவே குளித்து முடித்த நாலு பேர் மறுபடி உள்ளே போய்விட்டார்கள். அப்பா நீளமாக ஒரு விசில் அடித்தார். "வெளிய வாரும்வே மொதல்ல! கிட்டார நான் பாத்துக்கிடுதேன்!" பிறகு என் காதில் குனிந்து, "மைக் செட்டுக்காரன்கிட்ட சொல்லிருக்கேன். அவன் பாத்துச் சொல்லட்டும். நீ வீட்டுக்குப் போ" என்றார்.

மைக் செட் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் விவரம் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிப் போகாமல் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். மாடு என்றால் ஒரு ஆள், பைக் என்றால் ஒரு ஆள், ஒயர் உள்ள எதுவானாலும் மைக் செட் அண்ணன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர். கொடையின்போது அப்பா போய், "நேரமாச்சு, நிப்பாட்டு" என்பார். சொன்ன பிறகு, இன்னும் ஒரே ஒரு பாட்டு ஓடுகிற வரைக்கும் தூரத்தில் போய் நின்றுகொள்வார். அந்த ஒரு பாட்டுக்காக அண்ணன் அப்பாவுக்கு உயிரையும் கொடுப்பார்.

அவர்தான் செய்தி கொண்டுவந்தார். செங்கோட்டையில் ஒரு ரயில்வேக்காரர்; மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்; கல்யாணத்துக்கு மைக் செட் இவர்தான். பேச்சு வாக்கில், மகளிடம் ஒரு கரண்டுக் கிட்டார் இருக்கிறது, கொடுத்துவிடலாம் என்றிருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். "பொம்பளப் புள்ள வச்சிருந்தது ஏட்டையா. தொடச்சுத் தொடச்சு வச்சிருக்கும். ஆம்பளப் பய கையில இருந்த சாமான் மாரியா?" என்றார்.

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. பழசு. அதுவும் ஓர் அக்காவின் பழசு. வகுப்பில் சிவப்புக் கிட்டாருக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். ரைட்டர் மகனின் காதலுக்கு அடி வாங்கியவன், இனி ஓர் அக்காவின் கிட்டாரை மாட்டிக்கொண்டு அந்த வகுப்புக்குள் எப்படி நுழைவது? அம்மாவிடம் போய் அழுதேன். அம்மாவுக்கு அவள் கவலை. சாரல் காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கும். "புதுசோ பழசோ, ஷாக் அடிக்காததாப் பாத்து வாங்குங்க" என்றாள். அத்தோடு முடிந்தது.

சீசனில் அப்பாவுக்கு அபூர்வமாகக் கிடைத்த ஒரு காலைப் பொழுதில், மைக் செட் அண்ணனின் லோடு ஆட்டோவில் செங்கோட்டைக்குப் புறப்பட்டோம். அவர்கள் இருவரும் முன்னால். நான் பின்னால், நாலு குழாய்களுக்கும் தார்ப்பாய் போர்த்திய ஆம்ப்ளிபயருக்கும் நடுவில். வழி முழுக்கச் சாரல். வழி முழுக்க எங்கள் ஊர்க் காசி விசுவநாதரிடம் பேரம் பேசிக்கொண்டே போனேன். அந்தக் கிட்டார் மட்டும் சரியில்லாமல் போகட்டும், ஒரு தேங்காய் உடைக்கிறேன். வீட்டை நெருங்கும்போது இரண்டு தேங்காய் என்று ஏற்றிவிட்டேன்.

வீடு ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில் இருந்தது. முன்னறை முழுக்கக் கல்யாணச் சாமான்கள். பிரிக்காத அட்டைப் பெட்டிகள், குடம், புது மெத்தை. அத்தனை புதுசுக்கும் நடுவில் கட்டில்மேல் அந்தப் பழசு கிடந்தது. கறுப்பு. வலது கை படுகிற ஓரத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டா நுனியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்து உட்கார்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருஷமா சர்ச்சுல இவதான் வாசிப்பா" என்றார் அவள் அப்பா. "இனி போற எடத்துல இதெல்லாம் எதுக்கு? மாப்ள வீட்ல ஒண்ணும் சொல்லல. நாமளாப் பாத்து நடந்துக்கிடணும்லா?"

அக்கா துடைப்பதற்கு அடுத்த கம்பிக்குப் போனாள்.

அப்பாவுக்குப் பழைய பொருள் என்றால் கை தானாகக் குறிப்பு நோட்டை எடுக்கும். திருட்டுச் சொத்தாக இருந்துவிடக் கூடாதே. பில் இருக்கிறதா என்றார். பில் வந்தது. நம்பர் எங்கே என்றார். கிட்டாரைக் கவிழ்த்து, தலையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த நம்பரை அக்கா காட்டினாள். பைக்கின் சேசிஸ் நம்பரைக் குறிப்பது போல அப்பா அதைக் குறித்துக்கொண்டார். "இதுக்கு முன்னால ஆக்ஸிடென்ட் எதுவும் ஆயிருக்கா?"

"ஒரு ஈஸ்டர் அன்னைக்குச் சுவத்துல இடிச்சுட்டேன் அங்கிள்" என்று அக்கா அந்த இடத்தையும் காட்டினாள். அவ்வளவு உண்மை பேசுகிறவள்.

பிறகு ஒரு முறை மீட்டினாள். கரண்டு இல்லாமல் அது கொசு வலைக்கு வெளியே கொசு பாடுவது போலிருந்தது. அப்பா ஏமாந்துபோனவர் மாதிரிப் பார்த்தார். "கரண்டு ஏறணும் ஏட்டையா. அப்புறம் பாருங்க, ஊரே திரும்பும்" என்றார் மைக் செட் அண்ணன். எனக்கோ அந்தக் கொசுச் சத்தத்திலும் ஒன்று கண்ணில் பட்டுத் தொலைத்தது. அக்கா கிட்டாரைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மட்டும் அவரவர் வீட்டுக்குப் போவது போலச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன.

அப்பாவும் அண்ணனும் ஆம்ப்ளிபயரை இறக்க வாசலுக்குப் போனார்கள். அவள் அப்பா பிளக் பாயிண்ட் தேடிப் போனார். உள்ளேயிருந்து டீ எடுத்துப் போகச் சொல்லி யாரோ கூப்பிட, அக்காவும் எழுந்து போனாள். அறையில் நானும் கிட்டாரும் மட்டும்.

கிட்டாரின் கீழ்ப்பகுதியில் மூன்று குமிழ்கள் இருந்தன. எது எதற்கு என்று எனக்குத் தெரியாது. மூன்றையும் ஒரே பக்கமாக, போகிற மட்டும் திருகினேன். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஏதோ ஒன்றைக் கெடுத்துவைப்போம் என்ற பொதுவான நல்லெண்ணம்தான். திருகிவிட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டேன். போலீஸ்காரர் மகன். தடயம் பற்றித் தெரிந்தவன்.

ஆம்ப்ளிபயர் வந்தது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், செங்கோட்டை" என்றார் அண்ணன். தெருவே அதிர்ந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். மைக்கைக் கழற்றி அந்த ஒயரைக் கிட்டாரில் சொருகினார். அம்மாவின் கட்டளை நினைவு வந்து, டெஸ்டரை எடுத்து ஆறு கம்பிகளிலும் வைத்துப் பார்த்தார். லைட் எரியவில்லை. "ஷாக் இல்ல. வாசிம்மா."

அக்கா கிட்டாரை மடியில் எடுத்து வைத்து, ஒரு இழுப்பு இழுத்தாள்.

கொசு.

அண்ணன் ஒயரை ஆட்டினார். கழற்றி மாட்டினார். மறுபடி மைக்கை மாட்டி ஹலோ என்றார், தெரு அதிர்ந்தது. மறுபடி கிட்டார், மறுபடி கொசு. "நேத்து சாயங்காலங்கூட வாசிச்சாளே!" என்று அவள் அப்பா பதறினார்.

அக்கா குனிந்து கிட்டாரைப் பார்த்தாள். வாசிக்கும்போது பார்க்காதவள் இப்போதுதான் குமிழ்களைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் என் வாழ்க்கையில் பார்த்த மிக நீளமான பார்வை அதுதான். தொடைக்கு அடியில் என் கைகள் வேர்த்தன. நாலு பேர் முன்னால், போலீஸ் அப்பாவின் முன்னால், இதோ சொல்லப் போகிறாள். காசி விசுவநாதா, மூன்று தேங்காய்.

அவள் வலது உள்ளங்கையை அந்தக் குமிழ்கள்மேல் சும்மா வைப்பது போல வைத்தாள். முழுக்க மூடினாள்.

"நேத்தே கடைசில சத்தம் வரல்லப்பா. உங்ககிட்ட சொல்லல" என்றாள்.

மைக் செட் அண்ணன் கிட்ட வந்தார். "இந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பிப் பாத்தா..."

"எல்லாம் திருப்பிப் பாத்தாச்சுண்ணே."

"தொறந்து பாத்துருவமா? ஸ்குரூ டிரைவர் இருக்கு."

"வேண்டாம்ணே. கல்யாண வீட்ல இத யாரு தொறந்து யாரு மூட?" என்றாள். கை அங்கேயே இருந்தது.

அவள் அப்பாவுக்குத்தான் முகம் செத்துவிட்டது. மழையில் வரவழைத்து அலைய வைத்துவிட்டோமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் அப்பா அவர் தோளைத் தட்டி, "பொருள்னா ரிப்பேர் ஆகத்தான் செய்யும். நீங்க கல்யாண வேலையப் பாருங்க" என்றார். நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் கொடுத்துதான் எங்களை விட்டார்கள். கூச்சமே இல்லாமல் அதை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

நான் பின்னால் ஏறும்போது அக்கா குடையோடு வண்டி வரைக்கும் வந்தாள்.

"புதுசு வாங்கப் போறியா?"

தலையாட்டினேன்.

"என்ன கலரு?"

"செவப்பு."

"வாசிக்கத் தெரியுமா?"

அந்த அக்காவிடம் பொய் சொல்ல வரவில்லை. "தெரியாது" என்றேன்.

சிரித்துவிட்டாள். "படிச்சுக்கோ. ரொம்ப தேங்க்ஸ் தம்பி."

வண்டி நகர்ந்தது. வியாபாரம் கெட்டுப்போனவள், கெடுத்தவனுக்கு நன்றி சொல்கிறாளே! சர்ச்சுக்குப் போகிறவர்கள் எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் என்று வியந்துகொண்டே சிப்ஸைத் தின்றேன்.

"இனிமே கரண்டு சாமான்ல பழசு வேண்டாம்" என்று அப்பா அன்று மாலை அறிவித்தார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். ஆனால் திருநெல்வேலிக்குப் போக அவருக்கு ஒரு முழு நாள் வேண்டும். சீசனில் யார் விடுமுறை தருவார்கள்? அப்பா இன்னொருவரோடு பணியை மாற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் இரண்டு ஷிப்ட் அருவியடியில் நின்றார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது பாதம் இரண்டும் ஊறி வெளுத்து, சுருங்கிப்போயிருந்தன. அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை மணி பஸ்ஸுக்குப் போகலாம் என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு பஸ் நேரம்தான் தெரிய வேண்டியிருந்தது.

கடையில் புதுக் கிட்டாரையும் கவிழ்த்து நம்பரைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அப்பா அதை வாங்கினார். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். எனக்கும் கிட்டாருக்கும் சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டு வந்தார். ஆலங்குளத்தில் ஏறிய ஓர் ஆச்சி, "இது என்ன ஆளா, தடியா? டிக்கெட் எடுத்திருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அப்பா கிட்டாரைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஆச்சியை உட்காரவைத்து, தென்காசி வரை ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் கிட்டாரையும் பிடித்துக்கொண்டு வந்தார். வளைவுகளில் அது யார்மேலும் இடித்துவிடாமல், அதன்மேலும் யாரும் இடித்துவிடாமல்.

வீட்டில் பாலிதீனைக் கிழித்தேன். ஒரேயடியாகக் கிழிக்கவில்லை. தினமும் கொஞ்சம் கிழிப்பதற்காக மிச்சம் வைத்தேன். பத்து நாள் புதுசாகவே இருந்தது. அம்மா அதன் தலையில் சந்தனம் வைத்துக் குங்குமமிட்டாள். மைக் செட் அண்ணன் தந்த சின்ன ஆம்ப்ளிபயரில் மாட்டும்போது, ரப்பர் செருப்புப் போட்டு, மரப் பலகைமேல் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. நான் கனவு கண்டபடியே நின்றேன். காலில் ஹவாய் செருப்பு, செருப்புக்குக் கீழே அம்மா காய் நறுக்க உட்காரும் பலகை, கையில் பொட்டு வைத்த கிட்டார்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சமாகச் சொல்கிறேன். அந்தச் சிவப்புக் கிட்டாரின் கம்பிகள் துணி காயப்போடும் கொடி மாதிரி உயரத்தில் இருந்தன. அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் கொப்பளித்து, பேனா பிடிக்க முடியாமல் கணக்கு வீட்டுப்பாடத்துக்கு விலக்குக் கேட்டேன், கிடைக்கவில்லை. சுருதி சேர்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் சுருதி வேறெங்கோ போயிருக்கும். மைக் செட் அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "கலரு நல்லாருக்கு" என்றார். அவருடைய நல்ல மனசு அது. என்றாலும் அதில்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கொப்பளங்கள் காய்ந்த தோலில்தான் இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதை வாங்கித் தந்தவரின் ஊறிய பாதங்களுக்கு, அதில் நான் வாசித்த எதுவும் ஈடாகாது.

செங்கோட்டைக் கல்யாணம் முடிந்த மறுநாள் மைக் செட் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா பணியில் இருந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே கல்யாணக் கதை சொன்னார். சாப்பாடு எப்படி, கூட்டம் எப்படி, எந்தப் பாட்டுக்கு யார் அழுதார்கள். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரு கூத்தக் கேளுலே" என்றார்.

"பொண்ணு மாப்ள காருல ஏறுதாவ. பெட்டியெல்லாம் டிக்கில ஏத்தியாச்சு. இந்தப் புள்ள அந்தக் கிட்டாரத் தூக்கிட்டு வருதா. அவ அப்பா, ‘ரிப்பேர் ஆனத எதுக்கும்மா சொமக்கே, யாரும் வாங்கவும் மாட்டாவ, இங்கன கெடக்கட்டும்’னாரு. ‘கெட்டுப்போனதுதானப்பா, கெடந்துட்டுப் போட்டும்’னு மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. புதுப் பொண்ணு, பட்டுச்சேல, மடியில ஓடாத கிட்டாரு! ஓடாத சாமான யாராவது புருசன் வீட்டுக்குக் கொண்டுபோவாளாலே?"

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணனைவிட அதிகமாகவே சிரித்தேன். பட்டுச்சேலையும் கிட்டாரும் கண் முன்னால் வந்து வந்து சிரிப்பு அடங்கவில்லை.

படுத்த பிறகுதான் மனசு உறுத்தியது. பாவம், அந்த அக்கா. அது ரிப்பேரே இல்லை. நல்ல கிட்டார். குமிழைத் திருப்பினால் பாடும். அது தெரியாமல் ஊமைக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிறாளே. எல்லாம் என்னால்தானே. மூன்று தேங்காயையும் ஒரே நாளில் கோயிலில் உடைத்துப் பார்த்தேன், உறுத்தல் போகவில்லை. எனவே ஓர் இன்லாண்டு லெட்டர் வாங்கினேன். புகுந்த வீட்டு முகவரி தெரியாது. மைக் செட் அண்ணனின் பில் புத்தகத்திலிருந்து செங்கோட்டை முகவரியைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அதை அவள் அப்பா பிரித்துப் படித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பிரிக்காமலே மகளுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆறு வருஷம் கிட்டார் வாசித்தவளுக்கு, கிட்டாரைத் தொட்டு ஒரு மாதமே ஆன நான் எழுதிய கடிதம் இது.

‘அன்புள்ள அக்காவுக்கு. நலம், நலமறிய ஆவல். உங்கள் கிட்டார் ரிப்பேர் இல்லை. கீழே மூன்று குமிழ்கள் இருக்கும். மூன்றையும் வலது பக்கமாகத் திருப்பவும். சத்தம் வரும். கவலைப்பட வேண்டாம்.’

பெயர் போடவில்லை. போடாவிட்டால் யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.